துறைமுக ஏலச் சரக்கு: சொந்தக்காரர் ஏன் விட்டுப் போனார் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: ஐயா, ஈரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன். சென்னைத் துறைமுகக் கிடங்கில் யாரும் எடுக்காமல் கிடக்கும் 40 லேப்டாப்கள் சுங்கத்துறை ஏலத்தில் வருகின்றன, ஒன்று 4,500 ரூபாய், குறைந்தது பத்து எடுக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் பேசினேன். அதிகாரி ஒருவரின் அடையாள அட்டை, கன்டெய்னர் படம் எல்லாம் வந்தது. பதிவுக் கட்டணம் என்று 2,000 ரூபாய் யுபிஐயில் போட்டுவிட்டேன். இப்போது ‘டியூட்டி கிளியரன்ஸ்’ என்று 18,500 கேட்கிறார்கள். நாளை மாலைக்குள் கட்டாவிட்டால் லாட் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். என் மச்சான் இப்படித்தான் இரண்டு லேப்டாப் வாங்கியதாகச் சொல்கிறார். கட்டலாமா? இது ஏமாற்று என்றால், நிஜமான ஏலத்தில் வாங்க என்ன வழி?

பதில்: கட்டாதீர்கள்.

இந்தப் பதிலின் மீதியை நிதானமாகப் படிக்கலாம், அந்த 18,500-ஐ மட்டும் அனுப்பிவிடாதீர்கள். கூடவே இன்னொரு வேலை, இதை இப்போதே செய்யுங்கள்: 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் போன் போட்டு, 2,000 ரூபாய் போன கதையைச் சொல்லிப் புகார் பதியுங்கள். பணம் அனுப்பிய செயலியில் அந்தப் பரிவர்த்தனைக்குள் போனால் 12 இலக்கத்தில் ஒரு யுடிஆர் எண் இருக்கும், அதையும் தேதி, நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதால் பணம் திரும்பி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, இந்த மாதிரிப் பணம் ஒரு கணக்கில் ஒரு மணி நேரம்கூடத் தங்குவதில்லை. ஆனாலும் புகார் இருந்தால் அந்தக் கணக்கை முடக்க வழி பிறக்கும், அடுத்து மாட்டப் போகிறவராவது தப்பிப்பார். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். கோபத்தில் திட்டி எழுதவும் வேண்டாம், பிளாக் செய்துவிட்டு ஓடிவிடுவார்கள், எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்ட பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

சரி, எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சென்னையில் சுங்க முகவராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன், மணலி, திருவொற்றியூர் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையங்களில், எங்கள் பேச்சில் சி.எஃப்.எஸ்., நான் நிற்காத கேட் இல்லை. நீங்கள் அனுப்பிய கன்டெய்னர் படத்தை முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவின் வலது மேல் மூலையில் நான்கு ஆங்கில எழுத்து, அதற்குப் பிறகு ஆறு எண், அவ்வளவுதான். உலகத்தில் எந்தக் கப்பல் கன்டெய்னரை எடுத்தாலும் நான்கு எழுத்து, ஏழு எண், மொத்தம் பதினொன்று இருக்கும். முதல் மூன்று எழுத்து சொந்தக்காரரின் குறி, நான்காவது பெரும்பாலும் யு, அப்புறம் ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் தனியாக ஓர் எண். அந்தக் கடைசி எண் சும்மா போட்டது இல்லை. முந்தைய பத்தையும் ஒரு வாய்ப்பாட்டில் போட்டுக் கணக்குப் பார்த்தால் அது வர வேண்டும், வராவிட்டால் எங்கோ தப்பு. ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரத்தில் இருக்கிற ஏற்பாடு இது, இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். உங்கள் ஆட்கள் ஏதோ ஒரு படத்தில் எண்ணை மாற்றி எழுதும்போது அந்தப் பெட்டி எண்ணை மறந்துவிட்டார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எண் சரியாக இருந்தால் ஆள் யோக்கியன் என்று அர்த்தமில்லை. விவரம் தெரிந்த திருடன் உண்மையான ஏல அறிவிப்பிலிருந்தே எண்ணைச் சுட்டுப் போடுவான். எண் தப்பு என்றால் நிச்சயம் பொய், எண் சரி என்றால் இன்னும் ஒன்றும் தெரியவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, லேப்டாப். பெட்டியோடு சேர்த்து ஒன்று மூன்று கிலோ என்றே வையுங்கள், விளம்பரத்தில் சொன்ன 40 லேப்டாப்புக்கும் சேர்த்து 120 கிலோ. இதற்கு ஒருவர் முழுக் கன்டெய்னர் பிடிப்பாரா? விலை அதிகம், எடை கம்மி, சீக்கிரம் பழசாகிவிடும், இப்படிப்பட்ட சரக்கு பெரும்பாலும் விமானத்தில் வரும். தவிர லேப்டாப் இந்தியாவில் பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுக்குள் வருகிற பொருள், 2012 ஆணையிலேயே இருக்கிறது. பதிவு எண் இல்லாத லேப்டாப்பை ஏதோ பழைய இரும்பு மாதிரி ஆளுக்குப் பத்து என்று அள்ளிக் கொடுக்க முடியாது.

மூன்றாவது, ஒன்று 4,500 என்று அவர்களே விலையைச் சொல்லிவிட்டார்கள், அப்புறம் அது என்ன ஏலம்? ஏலத்தில் அடிப்படை விலை இருக்கலாம், அதற்கு மேல் எங்கே போய் நிற்கும் என்று விற்கிறவருக்கே தெரியாது. கிடங்குச் சரக்கு லாட் லாட்டாகத்தான் போகும், உனக்குப் பத்து எனக்கு இருபது என்று சில்லறையாகப் பிரிக்க மாட்டார்கள்.

நான்காவது அந்த ‘டியூட்டி’. சுங்கச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு விற்ற பணத்தை எப்படிப் பங்கு பிரிக்க வேண்டும் என்று வரிசை போட்டுச் சொல்கிறது: முதலில் ஏலச் செலவு, அடுத்து கப்பல்காரருக்குப் பாக்கி இருந்தால் அது, அடுத்து சுங்க வரி, அதற்கப்புறம்தான் சரக்கை வைத்திருந்த கிடங்குக்காரரின் வாடகை. அதாவது வரி, விற்ற பணத்திலிருந்து கழிகிற விஷயம். வாங்குகிறவர் தனியாக ஜிஎஸ்டி மாதிரி எதாவது கட்ட வேண்டுமென்றால் அது ஏல நிபந்தனையில் முன்பே அச்சாகியிருக்கும், கட்டுவதும் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில்தான். யாரோ ஒருவரின் செல்போன் எண்ணுக்கு யுபிஐயில் டியூட்டி கட்டச் சொல்வது இந்த நாட்டில் எந்தத் துறைமுகத்திலும் கிடையாது.

அடையாள அட்டையைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் எந்த அதிகாரியும் தன் அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியதில்லை. அவர்கள் அனுப்புவது கடிதம், அந்தக் கடிதத்தில் டி.ஐ.என். என்று ஓர் எண் இருக்கும். 2019 நவம்பரிலிருந்து இந்த முறை வந்தது, அந்த எண்ணை மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் போட்டால் அந்தக் கடிதம் நிஜமா என்று தெரிந்துவிடும். அடுத்த முறை யாராவது ‘கஸ்டம்ஸிலிருந்து பேசுகிறேன்’ என்றால் டி.ஐ.என். சொல்லுங்கள் சார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள்.

நீங்கள் 18,500 கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொல்கிறேன், எனக்கு இந்தக் கதை மனப்பாடம். லாரி கிளம்பிவிட்டது என்று ஒரு படம் வரும். வழியில் ஜிஎஸ்டி பறக்கும் படை பிடித்துவிட்டது, 12,000 என்பார்கள். அது முடிந்ததும் இன்சூரன்ஸ், ‘திருப்பித் தரப்படும்’ என்று சொல்லி ஒரு டெபாசிட். ஒவ்வொரு தடவையும் கேட்கிற தொகை, இதுவரை போனதைக் காப்பாற்ற இதையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிற அளவில்தான் இருக்கும், அங்கேதான் அவர்கள் கெட்டிக்காரர்கள். கடைசியில் எல்லாம் முடிந்து நீங்கள் நொந்து கிடக்கும்போது, ‘சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், புராசஸிங் கட்டணம் 3,000’ என்று வேறு ஒரு குரல் வரும். அதுவும் அதே கூட்டம்தான், இல்லாவிட்டால் அவர்களிடமிருந்து உங்கள் எண்ணை வாங்கிய பங்காளிக் கூட்டம். ஏற்கெனவே 2,000 கொடுத்தவர் என்பதால் உங்கள் எண் இப்போது அந்தப் பட்டியலில் ஏறியிருக்கும், கொஞ்ச நாளைக்கு இப்படி அழைப்புகள் வரும், தயாராக இருங்கள்.

விமான நிலையத்தில் கேட்பாரற்ற சூட்கேஸ் மலிவு விலையில் என்று வருகிற விளம்பரங்களும் இதே ரகம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில், சொந்தக்காரர் கிடைக்காத பெட்டிகளை விமான நிறுவனங்களிடமிருந்து மொத்தமாக வாங்கி விற்கிற கடை 1970-லிருந்து நிஜமாகவே இருக்கிறது. வாடகை பாக்கி வைத்தவரின் கிடங்கு அறையைப் பூட்டை உடைத்து ஏலம் விடுவதும் அங்கே சகஜம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் ஷட்டரைத் தூக்கினால் தங்கம் கொட்டும் என்று நினைக்கிறவர்களைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள்.

இனி நிஜமான ஏலத்துக்கு வருவோம்.

சுங்கச் சட்டம் 1962, பிரிவு 48. கப்பலிலிருந்து இறக்கிய சரக்கை 30 நாளுக்குள் இறக்குமதியாளர் எடுக்கவில்லை, வரி கட்டாமல் வைத்திருக்க அனுமதியுள்ள பாண்ட் கிடங்குக்கும் மாற்றவில்லை என்றால், அவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சுங்க அதிகாரியின் அனுமதியோடு, சரக்கை வைத்திருக்கிற நிறுவனம் அதை விற்கலாம். அழுகும் பொருள், உயிருள்ள விலங்கு, ஆபத்தான சரக்கு என்றால் 30 நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். சட்டத்தில் 30 நாள் என்றாலும் நடைமுறையில் நோட்டீஸ், மதிப்பீடு, தடையில்லாச் சான்று என்று மாதக்கணக்கில் இழுக்கும், சில பெட்டிகள் வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். இதைக் கவனியுங்கள்: இங்கே விற்கிறவர் கிடங்குக்காரர், சுங்கத்துறை அனுமதி கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. துறை நேரடியாக விற்பது பறிமுதல் செய்த சரக்கை. ‘கஸ்டம்ஸ் ஏலம்’ என்று மொட்டையாகச் சொல்கிறவரிடம், எடுக்காத சரக்கா பறிமுதல் சரக்கா, எந்த சி.எஃப்.எஸ்.ஸில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் குழறினால் எழுந்துவிடலாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான், எவ்வளவு மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால் சொந்தக்காரர் இதை ஏன் விட்டுப் போனார் என்று கேளுங்கள். அவர் உங்களைவிட அந்தச் சரக்கைத் தெரிந்தவர், வெளிநாட்டுக்காரருக்கு முன்பணமாவது கொடுத்திருப்பார், வாங்க ஆளும் பார்த்து வைத்திருப்பார். அப்படிப்பட்டவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம், போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறார் என்றால் காரணம் இருக்கும். சில நேரம் அந்தக் காரணம் உங்களுக்குப் பாதகமில்லாதது: பங்காளிகளுக்குள் தகராறு, ஆள் இறந்துபோனார், வங்கி கடனை நிறுத்திவிட்டது, டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறி ஏறிச் சரக்கு விலையைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட லாட்டில்தான் லாபம். ஆனால் நான் பார்த்த வரைக்கும் பாதிக்கு மேல் வேறு மாதிரி: சரக்கு கெட்டுவிட்டது, சந்தை விலை விழுந்துவிட்டது, அல்லது அந்தப் பொருளை இந்தியாவில் விற்கவே முடியாது. விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆனது. அந்த முத்திரை இல்லாமல் வந்து நின்ற பொம்மையை இறக்குமதியாளரே வெளியே எடுக்க முடியாதபோது, ஏலத்தில் எடுத்த நீங்கள் மட்டும் கடைவீதியில் வைத்து விற்றுவிட முடியுமா? உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையம், மருந்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, எல்லாவற்றுக்கும் ஒரு வாசல்காரர் இருக்கிறார்.

சிலவற்றை லைசென்ஸ் உள்ளவர் மட்டும்தான் எடுக்க முடியும். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த மறுநாள்களில் மணலியே பதறியது ஞாபகம் இருக்கிறதா? 2015-லிருந்து பறிமுதலில் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், அங்கே வெடித்த அதே ரசாயனம், இங்கே 37 கன்டெய்னர்களில் நின்றுகொண்டிருந்தது, ஏலத்தில் போய் ஹைதராபாத்துக்கு லாரி லாரியாக ஏற்றி அனுப்பினார்கள். அதை நீங்களும் நானும் பணத்தைக் கட்டி எடுத்திருக்க முடியாது.

உங்கள் தொழிலுக்கே வருகிறேன். அரசு நிறுவனங்கள் கழிக்கிற பழைய கம்ப்யூட்டர்கள் மின்-ஏலத்தில் அடிக்கடி வரும், பார்த்ததும் ஆசையாக இருக்கும். நிபந்தனையைப் படித்தால் பலவற்றில் ‘பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டும்’ என்று இருக்கும், ஏனென்றால் அது மின்கழிவு, 2022-இல் வந்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிற விதிகள் அதைக் கண்டவர் கையில் கொடுக்க விடுவதில்லை. இதைப் பார்க்காமல் டெபாசிட்டைக் கட்டிவிட்டுத் தகுதி இல்லை என்று திரும்பியவர்கள் உண்டு.

நிஜமான அறிவிப்பை எங்கே பார்ப்பது? சரக்கு நிலையங்களும் துறைமுகங்களும் நாளிதழில் விளம்பரம் கொடுக்கும், தங்கள் இணையதளத்திலும் போடும். நிறைய ஏலங்கள் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின்-ஏலத் தளம் வழியாக நடக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டு அந்தத் தளத்துக்குப் போகாதீர்கள், ஒரு எழுத்து மாற்றி அதே மாதிரிப் பக்கம் செய்து வைத்திருப்பார்கள். துறைமுகத்தின் அறிவிப்பில் அச்சாகியிருக்கிற முகவரியைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பான் கார்டு, ஜிஎஸ்டி எண், வங்கி விவரம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், சரிபார்க்கக் கொஞ்ச நாள் ஆகும். இன்று பார்த்து நாளைக்கு வாங்குகிற காரியமே இல்லை இது, ‘நாளை மாலைக்குள்’ என்ற வார்த்தையை நீங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடமும் அதுதான்.

பதிவானதும் கேட்டலாக் பார்க்கலாம். லாட் எண், கன்டெய்னர் எண், என்ன சரக்கு, எங்கே இருக்கிறது, பார்வையிடும் நாள், ஈ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை எவ்வளவு, எத்தனை நாளுக்குள் பணம் கட்டி எடுக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். கூடவே ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்று ஒரு வரி. இதைச் சடங்கு வாக்கியம் என்று தாண்டிப் போகிறார்கள், மொத்த ஒப்பந்தமும் இந்த வரியில்தான் இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தாலும், பாதி உடைந்திருந்தாலும், பெட்டிக்குள் வேறு சரக்கே இருந்தாலும் நீங்கள் வாய் திறக்க முடியாது என்று அர்த்தம். நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமே என்பார்கள். மறுவிற்பனைக்கு வாங்குகிறவர் அந்தச் சட்டப்படி நுகர்வோரே இல்லை.

அதனால் எல்லாக் கெட்டிக்காரத்தனமும் பார்வையிடும் நாளில்தான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நண்பரோடு பங்கு போட்டுக் குளியலறைக் குழாய்ச் சாமான் லாட் ஒன்றை எடுத்தேன். பார்வையிடப் போனபோது சீலை வெட்டிக் கதவைத் திறந்தார்கள், டார்ச் அடித்துப் பார்த்தேன், முன்னால் இரண்டு வரிசை அட்டைப் பெட்டி, ஒன்றைப் பிரித்தால் குரோம் குழாய் கண்ணைப் பறிக்கிறது. போதும் என்று வந்துவிட்டேன். டெலிவரி எடுக்கும்போது மூன்றாவது வரிசையில் லோடுமேன் கை வைத்தார், பெட்டி நனைந்த அப்பளம் மாதிரிப் பிய்ந்து கையோடு வந்தது. கூரையில் பேனா முனை அளவுக்கு ஒரு துரு ஓட்டை, இரண்டு மழைக்காலம் அது வழியாகவே இறங்கியிருக்கிறது. குழாயெல்லாம் பச்சை பூத்து, கடைசியில் பித்தளை எடைக்குப் போட்டோம். யாரும் என்னை ஏமாற்றவில்லை, நான் இரண்டு வரிசைதான் பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போது நான் போனால் கதவைத் திறக்கும் முன்பே கன்டெய்னரைச் சுற்றி வருவேன். கூரை விளிம்பில் துருக்கோடு இறங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறதா, அடியில் ஏதாவது கசிந்து காய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். கதவில் பூச்சிமருந்துப் புகை போட்டதாக எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தால் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, ஆபத்தில்லை என்று நிலையத்து ஆட்கள் சொன்ன பிறகுதான் கிட்டே போக வேண்டும், இது விளையாட்டுக் காரியமில்லை. திறந்ததும் முதலில் மூக்குதான் வேலை செய்ய வேண்டும்: பூஞ்சை வாசம், புளிப்பு வாசம், எலி வாசம். தரைப் பலகையில் நீர்க்கறை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். பெட்டியில் உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, பி.ஐ.எஸ். எண், எல்லாவற்றையும் போட்டோ. முன் வரிசை கச்சிதமாக இருந்து பின்னால் எட்டிப் பார்க்கவே வழி இல்லையென்றால் எடைக் கணக்குப் போடுவேன். கன்டெய்னரின் காலி எடை கதவிலேயே எழுதியிருக்கும், இருபது அடி என்றால் இரண்டேகால் டன் போல. சரக்கோடு சேர்த்து நிறுத்த மொத்த எடையிலிருந்து அதைக் கழித்து, அட்டவணையில் சொன்ன பெட்டி எண்ணிக்கையால் வகுத்து, கையில் உள்ள ஒரு பெட்டியின் எடையோடு ஒப்பிட்டால் உள்ளே இருப்பது சொன்ன சரக்குதானா என்று ஓரளவு பிடிபடும். பார்வையிட விடமாட்டோம், படத்தைப் பார்த்து வாங்குங்கள் என்றால் அந்த லாட்டைத் தொடவே தொடாதீர்கள், அது உண்மையான ஏலமாகவே இருந்தாலும்.

விலையை எப்போதும் வீட்டிலேயே, போட்டி சூடு ஏறும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்துக்கு ஒரு லாட் கேட்கிறீர்கள் என்று வைப்போம். 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 54,000. சில சரக்குக்கு டி.சி.எஸ்., அதாவது விற்கிறவரே வசூலித்துக் கட்டுகிற வருமான வரி உண்டு. அப்புறம் லோடுமேன் கூலி, ஃபோர்க்லிஃப்ட், எடை மேடை, லாரி. சொன்ன நாளுக்குள் எடுக்காவிட்டால் தரை வாடகை நாள் கணக்கில் ஏறும், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான். மூன்று லட்சத்துச் சரக்கு வீட்டு வாசலுக்கு வரும்போது நாலு லட்சத்தைத் தொட்டுவிடும். இன்னொன்று, திரையில் தொகை அடிக்கும்போது பூஜ்யத்தை எண்ணுங்கள். சிரிக்காதீர்கள், ஒரு பூஜ்யம் கூடப் போட்டு ஈ.எம்.டி.யை இழந்தவரை எனக்குத் தெரியும். சுத்தியல் விழும் வரை கேட்பைத் திரும்பப் பெறலாம் என்பது பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது விதி. மின்-ஏல நிபந்தனைகளிலோ, போட்டது போட்டதுதான் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

நீங்கள்தான் அதிகத் தொகை கேட்டவர் என்று திரை சொன்னாலும் உடனே லாட் உங்களுடையது ஆகிவிடாது, விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்று பல நாள் நிற்கும். அந்த இடைவெளியில், ‘ஒப்புதல் வாங்கித் தருகிறேன், உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று போன் வரும். உங்கள் எண் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். ஒப்புதல் அடிப்படை விலையைப் பார்த்து வருவது, அந்த ஆளுக்குக் கொடுக்கிற பணம் அவர் சட்டைப் பையோடு நின்றுவிடும். ஒப்புதல் வராவிட்டால் ‘மேலிடம் மாட்டேன் என்றுவிட்டது’ என்பார், வந்துவிட்டால் ‘நான்தான் முடித்தேன்’ என்பார், இரண்டிலும் அவருக்கு நஷ்டம் கிடையாது.

நிஜமான ஏலத்துக்குள்ளும் தில்லுமுல்லு உண்டு. வழக்கமாக வருகிற பத்துப் பேர் வெளியே டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் கேட்க விடுவார்கள், புதிதாக வந்த உங்களிடம் ‘ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள் தம்பி’ என்பார்கள். வாங்காதீர்கள், போட்டிச் சட்டம் 2002 இதைக் கூட்டுச்சதி ஏலம் என்று சேர்த்திருக்கிறது, நாளைக்கு விசாரணை வந்தால் உங்கள் பெயரும் வரும். இதற்கு நேர் எதிரானது, விற்பவரே பொய் ஆளை நிறுத்தி விலையை ஏற்றுவது. பொருள் விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 64, விற்பவர் இப்படிப் போலிக் கேட்பால் விலையை ஏற்றியிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது. சட்டம் நம் பக்கம்தான், நிரூபிப்பதுதான் பாடு. அதனால்தான் வீட்டிலேயே விலையை எழுதி வைக்கச் சொன்னேன், யார் ஏற்றினாலும் உங்கள் எண்ணைத் தாண்டினால் எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் அளவுள்ள கடைக்கு நேரடியாக ஏலத்தில் இறங்குவதைவிட, ஏலம் எடுத்தவரிடமிருந்து கொஞ்சமாக வாங்குவது சரிப்படும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதிகம் பேர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். சரக்கை விடுவிக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர் ஒன்றையே ஜெராக்ஸ் எடுத்து மூன்று ஊரில் மூன்று பேரிடம் அட்வான்ஸ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். விற்பனை ஆணை அவர் பெயரில் இருக்கிறதா, முழுப் பணம் கட்டிய ரசீது இருக்கிறதா, கேட் பாஸ் போட்டாயிற்றா, மூன்றையும் அசலில் பாருங்கள், பார்த்துவிட்டுச் சரக்கு நிலையத்தின் அலுவலகத்தில் லாட் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். தனக்கு உரிமையில்லாத பொருளை விற்கிறவர் வாங்குகிறவருக்கும் உரிமையைக் கொடுக்க முடியாது, அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு. நீங்கள் நல்ல மனதோடு பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் சொந்தக்காரர் வந்து கேட்டால் பெரும்பாலும் பொருளை இழப்பது நீங்கள்தான். பில் இல்லாமல் வாங்கினால் போலீஸ் கேட்கும்போது திருட்டுப் பொருளை வைத்திருந்தவர் என்ற இடத்தில் நிற்க வேண்டி வரும்.

லேப்டாப் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும் என்று சர்வீஸ் கடைக்காரருக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது. பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா, ஏதாவது கம்பெனியின் நிர்வாகப் பூட்டில் மாட்டியிருக்கிறதா என்பதை மட்டும், பணம் கொடுக்கும் முன்பே, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மாதிரிக்கு இரண்டைக் காட்டிவிட்டு மீதியை டேப் ஒட்டிய பெட்டியோடு தள்ளிவிடுவது பழைய வேலை. கூட செல்போனும் தருகிறேன் என்றால் கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, இடம் விட்டு, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், முடக்கப்பட்ட போன் என்றால் பதிலில் தெரிந்துவிடும்.

கடைசியாக உங்கள் மச்சான். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டுக்குள் சண்டை மூட்டுவது என் வேலையும் இல்லை. சில கூட்டங்கள் ஆரம்பத்தில் ஓரிருவருக்கு நிஜமாகவே பொருளை அனுப்பி வைப்பார்கள், அந்த ஒருவர் இருபது பேரிடம் சொல்லட்டும் என்றுதான். அவர் வேறு யாரிடமோ வாங்கியிருக்கவும் கூடும். அந்த இரண்டு லேப்டாப்புக்கும் பில் இருக்கிறதா, அதில் விற்றவர் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் என்ன என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார், எந்த ஊர், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். பில்லே இல்லையென்றால் அந்த இரண்டையும் உங்கள் கடையில் வைத்து விற்றுக் கொடுக்கச் சொல்வார், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.